75 சதவீதம்: ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் பிறந்த கதை

2012 நவம்பர் 20 அன்று ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் ஆட்டத்துக்குள் நுழைந்தவர்களுக்குச் சண்டை போடத் தெரியவில்லை. புதிதாக வந்தவர்களைச் சொல்லவில்லை. பத்து வருடம் ஆடிப் பழகியவர்களுக்கும்தான்.

அதற்கு முந்தைய நாள்வரை அந்த ஆட்டத்தின் சண்டை மிக எளிமையானது. எதிரியின் மேல் ஒரு கிளிக். உங்கள் வீரன் தானாகவே வாளை வீசிக்கொண்டிருப்பான். ஆட்டத்தின் கடிகாரம் 0.6 நொடிக்கு ஒரு தரம் துடிக்கும். எல்லாம் அந்தத் துடிப்புக்குக் கட்டுப்பட்டே நடக்கும். எந்தத் துடிப்பில் உணவைத் தின்பது, எந்தத் துடிப்பில் ஆயுதத்தை மாற்றுவது, எப்போது காப்புப் பிரார்த்தனையைப் போடுவது என்பதில்தான் ஆட்டக்காரரின் திறமை இருந்தது. பார்க்க மந்தமாகத் தெரிந்தாலும் அதற்குள் ஆழமான ஒரு கைப்பழக்கம் இருந்தது. வருடக்கணக்கில் ஆடியவர்களுக்கு விரலிலேயே ஏறிய பழக்கம் அது.

‘இவால்யூஷன் ஆஃப் காம்பாட்’ என்ற அப்டேட் அதை ஒரே நாளில் மாற்றியது. திரையில் ஒரு வரிசைப் பொத்தான்கள் வந்தன. ஒவ்வொரு பொத்தானும் ஒரு தாக்குதல். ஒன்றை அழுத்தினால் அது மறுபடி தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். சண்டையில் சேரும் அட்ரினலினைப் பொறுத்துப் பெரிய தாக்குதல்கள் திறக்கும். ஆயுதங்கள், கவசங்கள், அரக்கர்கள் எல்லாவற்றுக்கும் எண்கள் புதிதாகப் போடப்பட்டன.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜேகெக்ஸ் நிறுவனம் இதைச் செய்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற ஆட்டங்களில் சண்டை இப்படித்தான் இருந்தது. அவற்றில் பழகிய இளைஞருக்கு ரூன்ஸ்கேப்பின் ஒற்றைக் கிளிக் சண்டை சலிப்பூட்டும் என்று அவர்கள் நினைத்திருந்தால் அது நியாயமான கவலைதான். பல மாதம் பீட்டாவும் நடத்தினார்கள். ஆனால் பீட்டாவில் கேட்கப்பட்டது இதில் என்ன குறை என்பதுதான். இது வேண்டுமா என்பதை யாரும் கேட்கவில்லை.

ஆட்டக்காரர் இழந்தது என்ன என்று புரிய ஒரு கணக்கு தெரிய வேண்டும். ரூன்ஸ்கேப்பில் ஒரு திறனை 99ஆம் லெவலுக்குக் கொண்டுபோக ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கும் மேல் அனுபவப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். அதில் பாதித் தூரம் 92ஆம் லெவலில்தான் வருகிறது. மீதி ஏழு லெவலுக்கு அதே அளவு உழைப்பு மறுபடியும். இப்படி உழைப்பைக் கேட்கும் ஆட்டத்தில், ஒரு வாளின் வலிமையைக் குறைப்பது அட்டவணையில் ஓர் எண்ணைத் திருத்துவதோடு முடிவதில்லை. அந்த வாளுக்காக ஒருவர் கொடுத்த இரவுகளின் மதிப்பையும் சேர்த்தே குறைக்கிறது. வலிமையைக் குறைத்தால் நெர்ஃப், கூட்டினால் பஃப் என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். ஒரு நெர்ஃப் வந்தால் கோபம் வரும். பஃப், நெர்ஃப், மறுபடி பஃப் என்று மாறி மாறி வந்துகொண்டே இருந்தால் கோபம்கூட வராது, அயர்ச்சிதான் வரும். வெளியூர் போய் வரும் ஒவ்வொரு முறையும் வீட்டுச் சாமான்கள் இடம் மாறிக் கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படி. எதையும் கற்றுக்கொள்ள மனம் வராது. கற்றது அடுத்த மாதமும் செல்லும் என்ற உறுதி போய்விடுகிறது.

ரூன்ஸ்கேப்பில் அந்த அயர்ச்சி 2012இல் திடீரென்று முளைக்கவில்லை. ஆண்ட்ரூ கோவர் தன் சகோதரர்களோடு சேர்ந்து உருவாக்கிய இந்த ஆட்டம் 2001 ஜனவரியில் வெளிவந்தது. பிரவுசரிலேயே ஓடும், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதால் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவியது. 2004இல் முழுவதும் மாற்றி எழுதப்பட்டபோது ஆட்டக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 2007 டிசம்பர் 10 அன்றுதான் முதல் பெரிய காயம் விழுந்தது. ஆட்டத்துக்குள் சேரும் பொன்னை நிஜப் பணத்துக்கு விற்கும் கும்பல்களை ஒழிக்க, வைல்டர்னெஸ் என்ற காட்டுப் பகுதியில் ஒருவரையொருவர் தாக்கும் உரிமையை ஜேகெக்ஸ் எடுத்துவிட்டது. அடுத்த மாதம் ஆட்டக்காரர்களுக்குள் நடந்த சுதந்திரப் பண்டமாற்றும் போனது. ஆட்டத்துக்குள்ளேயே கூட்டம் கூடிப் போராடினார்கள். அந்த உரிமைகள் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. வாக்கெடுப்பு நடத்தினார்கள், பத்து இலட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன, பத்தில் ஒன்பது பேர் ‘திரும்பக் கொடு’ என்றார்கள், 2011 பிப்ரவரியில் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டே சுழற்றிப் பரிசு வெல்லும் சக்கரத்தைக் கொண்டுவந்து, கூடுதல் சுழற்சிகளைக் காசுக்கு விற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் சண்டையையும் மாற்றினார்கள்.

அலுத்துப்போனவர்கள் விலகினார்கள். சிலர், ஆர்வலர்கள் அனுமதியின்றி நடத்திய பழைய பதிப்பு சர்வர்களுக்குப் போனார்கள். இதே நிலை முன்பே வேறோர் ஆட்டத்துக்கு வந்திருக்கிறது. சோனி ஆன்லைன் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ் 2005 ஏப்ரலில் சண்டை முறையை மாற்றியது. பழகுவதற்குள் அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் மாற்றியது. முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. ஊரில் பேர் பெற்ற கைவினைஞராகவும் நடனக்காரராகவும் வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் வேறு ஆளாகிப் போனார்கள். பழையதற்குத் திரும்பும் வழி கடைசிவரை திறக்கப்படவில்லை. 2011 டிசம்பரில் ஆட்டமே மூடப்பட்டது.

ஜேகெக்ஸிடம் ஒரு பழைய பேக்கப் இருந்தது. 2007 ஆகஸ்ட் மாதம் ஆட்டம் எப்படி இருந்ததோ அதன் முழுப் பிரதி. டிசம்பர் காயத்துக்கு நான்கு மாதம் முந்தையது. 2013 பிப்ரவரியில் அப்போதைய தலைமை நிர்வாகி மார்க் ஜெரார்டின் நிறுவனம், இதைத் திறக்கலாமா என்று ஆட்டக்காரர்களிடமே வாக்குக் கேட்டது. 50 ஆயிரம், இரண்டரை இலட்சம், 5 இலட்சம், ஏழரை இலட்சம் என்று படிகள் வைத்தார்கள். வாக்கு எவ்வளவு கூடுகிறதோ, சந்தாவுக்கு மேலான கூடுதல் கட்டணம் அவ்வளவு குறையும், கவனிக்கும் குழு அவ்வளவு பெரிதாகும். நாலரை இலட்சத்துக்குச் சற்றே குறைவாக வாக்குகள் விழுந்தன. வாக்கெடுப்பு முடியும்வரைகூடக் காத்திருக்காமல் பிப்ரவரி 22 அன்றே ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ சர்வர்களைத் திறந்துவிட்டார்கள். கூடுதல் கட்டணமில்லாப் படியைத் தொடாதபோதும் அந்தக் கட்டணத்தை வாங்கவில்லை.

இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழ வைக்கும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பழைய உலகம் திரும்பியதே தவிர, பழைய கணக்குகளின் சொத்து எதுவும் திரும்பவில்லை. எல்லோரும் 3ஆம் லெவலில், பயிற்சித் தீவில், வெறுங்கையோடு தொடங்க வேண்டும். முன்பு சேர்த்த கோடிப் புள்ளிகளும் பொன்னும் கவசமும் சண்டை மாறிய மூல ஆட்டத்திலேயே தங்கிவிட்டன. இலட்சக்கணக்கானவர்கள் அதைத் தெரிந்தேதான் கேட்டார்கள். இழந்த லெவலுக்காகத்தான் கோபப்படுகிறார்கள் என்று நினைத்தவர்களுக்கு இது நல்ல பதில். அவர்கள் மீட்க விரும்பியது தங்கள் அறிவை. எந்தக் குன்றில் எந்தத் தாது, எந்தப் பேயை எந்தத் துடிப்பில் அடிக்க வேண்டும் என்று மனத்தில் இருந்த வரைபடம் மறுபடி செல்லுபடியானது. அதற்காக மரம் வெட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்யத் தயாராக இருந்தார்கள்.

ஆனால் உறைந்துபோன உலகத்தில் எத்தனை நாள் வாழ முடியும்? கொஞ்ச காலத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். புதியது வேண்டும்; ஆனால் புதியது என்றாலே பயம். இந்த இக்கட்டிலிருந்துதான் 75 சதவீத விதி பிறந்தது. புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் ஆட்டத்துக்குள் இருக்கும் வாக்குச் சாவடியில் வைக்க வேண்டும். நான்கில் மூன்று பேர் சம்மதித்தால் வரும், இல்லாவிட்டால் வராது. பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும் என்று வைத்திருந்தால், ஒவ்வொரு அப்டேட்டிலும் பாதிப் பேர் அலுத்துப்போயிருப்பார்கள். உயர்ந்த வரம்பு வைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

முதலில் வந்தவற்றில் ஒன்று காட் வார்ஸ் டஞ்ஜன் என்ற நிலவறை. மூல ஆட்டத்தில் அது 2007 ஆகஸ்ட் 28 அன்று வந்தது. பேக்கப் அதற்குச் சில நாள் முந்தையது என்பதால் விட்டுப்போயிருந்தது. வாக்கில் வென்று 2013 அக்டோபரில் சேர்ந்தது. ஆட்டக்காரர்களின் பொதுச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் 2015இல் வந்தது. ஆர்டிசன், வார்டிங் என்ற புதிய திறன்கள் வாக்கில் தோற்றன. உழைத்து வடிவமைத்ததை ஜேகெக்ஸ் ஓரமாக எடுத்து வைத்தது. அந்தக் கட்டுப்பாடு எனக்கு மதிக்கத் தக்கதாகவே தோன்றுகிறது. மூல ஆட்டமும் தன் வழியில் பாடம் படித்தது: 2014இல் பழைய சண்டையை விரும்புவோருக்கு ‘லெகசி மோடு’ கொடுத்தது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டின் பழைய பதிப்பான ‘கிளாசிக்’ 2019இல்தான் வந்தது.

விதிக்கு ஒரு பலவீனம் உண்டு. தன் கையில் இருக்கும் ஆயுதத்தை மழுங்கடிக்க யார் வாக்களிப்பார்? 2015இல் வந்த டாக்ஸிக் புளோபைப் என்ற ஊதுகுழாய், தன்னைவிட மிக விலை உயர்ந்த வில்களைப் பல இடங்களில் பயனற்றதாக்கியது. அது அளவு மீறிய ஆயுதம் என்பது பலருக்கும் தெரியும். என்றாலும் அதை நெர்ஃப் செய்ய 2021 வரை ஆனது. இப்படிப்பட்டவற்றுக்காக, ஆட்டத்தின் நேர்மையைக் காக்கும் சில மாற்றங்களை வாக்கில்லாமலே செய்யும் வழக்கம் ஏற்பட்டது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆறு வருடத்துக்கு ஒரு நெர்ஃப் வந்தால் யாரும் அலுத்துப்போவதில்லை. மாதத்துக்கு மூன்று வந்தால்தான் ஆள் போகிறது.

பின்னர் வரம்பை 70 சதவீதமாக இறக்கினார்கள். 2015இல் வாக்கில் தோற்ற கடலோடும் திறன், ‘செயிலிங்’, 2023இல் மறுபடி வாக்குக்கு வந்தது. 70ஐ மயிரிழையில் தாண்டியது. பழைய வரம்பு இருந்திருந்தால் தோற்றிருக்கும். எதிர்த்தவர்கள் சினந்தார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வடிவமைப்பு வெளிப்படையாகவே நடந்தது. படகு எப்படித் திரும்ப வேண்டும், கடலில் என்ன பரிசு கிடைக்க வேண்டும் என்பதை ஆட்டக்காரர்களோடு பேசித் தீர்மானித்தார்கள். சோதனைப் பதிப்பை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். 2025 நவம்பரில் செயிலிங் ஆட்டத்துக்குள் வந்தது.