இடந்தலைப்பாடும் இடமிழப்பும்: சிறுபருவத் தோழமைக் காதல் நாவலும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

1. அமைப்பு

சிறுவயதில் ஒன்றாக விளையாடிய இருவர் பிரிந்து, வளர்ந்தபின் மீண்டும் சந்தித்துக் காதல் கொள்ளும் கதை, காதல் நாவலின் மிகப் பழகிய அமைப்புகளுள் ஒன்று. இவ்வமைப்பு மூன்று கூறுகளால் ஆனது: இருவரும் பகிர்ந்த ஓர் இடம், அவ்விடத்திலிருந்து அவர்களைப் பிரித்த காரணம், அவர்களை மறுபடி எதிரெதிரே நிறுத்தும் வாய்ப்பு. முதற்கூறு எளிதில் அமைந்துவிடும். இரண்டாவதை எழுத்தாளர் உண்டாக்க வேண்டியிருக்கும். மூன்றாவதே இவ்வகை நாவலின் தளர்ந்த மூட்டு. கதை தற்செயலை நம்பி நகர்கிறது என்ற குறை எழுவது இங்கேதான். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழரின் வரலாற்றில் இரண்டாம் மூன்றாம் கூறுகள் கற்பனையின் துணையின்றியே கிடைக்கின்றன. அதனால் இவ்வமைப்பு அங்கே வேறொரு பொருளைப் பெறுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. சங்கப் பாடல்களில் முன்மாதிரி

தமிழில் இவ்வமைப்பின் மூலவடிவம் நாவலுக்கு மிக முந்தியது. கலித்தொகையின் 51ஆம் பாடல், கபிலர் பாடிய குறிஞ்சிக்கலி, இதன் தெளிவான சான்று. தெருவில் தான் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்து, மாலையைப் பறித்து, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையனைத் தலைவி தோழிக்கு நினைவூட்டுகிறாள். அவனே ஒருநாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். தாய் சொற்படி நீர் கொண்டுபோன அவளது கையைப் பற்றுகிறான். அவள் அலறுகிறாள், தாய் ஓடிவந்ததும், குடித்த நீர் விக்கிக்கொண்டது என்று சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள். பழைய குறும்பு புதிய விருப்பமாக மாறிய கணம் அந்தப் பொய்யில் இருக்கிறது. அலறியபோது அவள் சிறுமி. பொய் சொன்னபோது அவள் தலைவி.

குறுந்தொகையின் 229ஆம் பாடல், மோதாசனார் பாடியது, இதே பொருளை வெளியிலிருந்து பார்க்கிறது. உடன்போக்கில் செல்லும் இருவரை வழியில் கண்டோர், சிறுவயதில் இவர்கள் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்திழுத்துச் சண்டையிட்டதையும், வளர்ப்புத் தாயர் தடுத்தும் அடங்காததையும் நினைந்து, இன்று இணைந்த மாலைபோல் அவர்களைச் சேர்த்த விதியை வியக்கின்றனர்.

இவ்விரு பாடல்களிலும் பிரிவு இல்லை என்பது கவனிக்கத்தக்கது. இடைப்பட்ட ஆண்டுகள் பேசப்படுவதில்லை. ஊர் அப்படியே இருக்கிறது, தெரு அப்படியே இருக்கிறது. வளர்ச்சி மட்டுமே நடுவில் நிற்கிறது. அகப்பொருள் இலக்கணம் இந்நிலைத்த இடத்தைக் கொண்டே காதலின் படிகளை வகுத்தது. முதல்நாள் கூடிய இடத்துக்கே தலைவன் மறுநாளும் சென்று தலைவியைக் காண்பதை அது இடந்தலைப்பாடு என்று பெயரிட்டது. இடம் மாறாது என்ற உறுதி அப்பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

3. பிரிவு நுழைந்த காலம்

நாவலின் வருகையோடு பிரிவும் கதைக்குள் வந்தது. சரத்சந்திர சட்டோபாத்யாயரின் ‘தேவதாஸ்’ 1917இல் வெளியானது. அண்டை வீட்டுச் சிறுவர்களான தேவதாஸையும் பார்வதியையும் முதலில் பிரிப்பது கல்கத்தாப் படிப்பு. பின்னர் பிரிப்பது குடும்பப் பெருமை. தமிழிலும் 1953இல் திரைப்படமாகி இக்கதை வீடுதோறும் அறிமுகமாயிற்று. மலேசியத் தமிழின் முதல் நாவலாகப் பொதுவாகக் குறிக்கப்படும் வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’யும் அதே 1917ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கே தமிழ் நாவல் காதலைத் தலைப்பிலேயே ஏந்திக்கொண்டு பிறந்திருக்கிறது.

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959) பிரிவின் காரணத்தை மலாயா மண்ணின் வரலாற்றில் தேடியது. பினாங்கில் வட்டிக்கடைப் பணியாளான செல்லையா, முதலாளியின் மகள் மரகதத்தை விரும்புகிறான். போர் வருகிறது, அவன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்பி வருகிறான். பட்டாளத்துக்குப் போய்வந்தவன் கடைக்கும் மகளுக்கும் பொருந்தான் என்று முதலாளி முடிவு செய்கிறார். இவர்கள் சிறுபருவத் தோழர் அல்லர் என்றாலும், திரும்பி வருபவன் பழைய இடத்தில் பொருந்தாமல் போவது என்ற சிக்கலைத் தமிழ் நாவல் மலாயாவில் வைத்துத் தெளிவாகக் கண்டது இங்கேதான்.

தங்கர் பச்சான் தம் ‘கல்வெட்டு’ சிறுகதையை விரித்து எடுத்த ‘அழகி’ (2002) திரைப்படம் தமிழ்நாட்டுக் கிராமத்துச் சான்று. பள்ளித் தோழி தனலட்சுமியைச் சண்முகம் பல ஆண்டுகளுக்குப் பின் சென்னை நடைபாதையில் காண்கிறான். அவன் ஏறிப்போயிருக்கிறான், அவள் இறங்கிப்போயிருக்கிறாள். சந்திப்பு தற்செயலால் நிகழ்கிறது. கிராமமோ எங்கும் போய்விடவில்லை. விரும்பினால் இருவரும் திரும்பிச் சென்று அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அது இயலாது.

4. கலைந்த தோட்டம்

மலேசியத் தமிழரில் ஒரு தலைமுறையின் சிறுபருவம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் கழிந்தது. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த வீடுகள், பால்வெட்டுக்குப் போன தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில் ஆகிய நான்கும் நடந்துசெல்லும் தொலைவில் இருந்தன. இங்கே வளர்ந்த இரு பிள்ளைகள் பேசப் பழகும் முன்பே ஒருவரையொருவர் அறிந்திருந்தனர்.

இவ்விடம் மூன்று முறை உடைந்தது. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அதை எதிர்கொள்ளவே வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1969இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை உரிமம் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியா திரும்பினர். ஒரே வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் ஒருவருக்குக் குடியுரிமைத் தாள் இருந்ததும் மற்றவர் பெற்றோர்க்கு இல்லாததும் போதுமான காரணமாயிற்று. அதன்பின் நகரம் தோட்டங்களுக்குள் விரிந்தது. சுபாங் ஜெயாவுக்கு அடியில் சீபீல்ட் தோட்டம் இருக்கிறது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக எழுந்த அரங்கம் புக்கிட் ஜாலில் தோட்ட நிலத்தில் நிற்கிறது. பிராங் புசார் தோட்டமும் அதைச் சூழ்ந்த பிற தோட்டங்களும் 1990களில் புத்ராஜெயா ஆயின. தொழிலாளர் குடும்பங்கள் டெங்கில் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. மற்றவர்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பின்னர் மலிவு விலை வீடுகளுக்கும் சிதறினர்.

பிரிவுக்கு இன்னொரு நிறுவன ஏற்பாடும் உண்டு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின் பிள்ளைகள் மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல வேண்டும். புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிப்போரும் உண்டு. எனவே தமிழ்நாட்டுக் கதையில் பதினைந்து, பதினேழு வயதில் நேரும் பள்ளிப் பிரிவு, மலேசியத் தமிழனுக்குப் பன்னிரண்டிலேயே நேர்கிறது. ‘96’ (2018) போன்ற படத்தில் பிரிவுக்கு முன்பே காதல் அரும்பிவிடுகிறது. இங்கே அரும்புவதற்கு முன்பே பிரிவு வந்துவிடுகிறது. நினைவில் எஞ்சுவது தோழமை மட்டுமே. ஆகவே வளர்ந்தபின் நிகழும் சந்திப்பு பழைய காதலைத் தொடர்வதாகாது. தோழமையிலிருந்து காதலைப் புதிதாகத் தொடங்கவேண்டிய கட்டாயம் நாவலுக்கு ஏற்படுகிறது.

5. முறைப்பெயர் என்னும் தடை

அக்கட்டாயத்துக்குக் குறுக்கே ஒரு தடை நிற்கிறது. தமிழ்க் குடும்பமுறையில் சிறுவயதுத் தோழமை காதலாவதற்குத் தயாரான பாதை மாமன்மகன், அத்தைமகள் உறவு. அங்கே உரிமை முன்பே இருக்கிறது. வளர்ந்தபின் கேட்டுப் பெறவேண்டியதில்லை. லயத்தில் வாழ்ந்தவர்கள் பல ஊர்களிலிருந்தும் சாதிகளிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். இரத்த உறவு இல்லாத இடத்தில் அவர்கள் அழைக்கும் சொல்லால் உறவை உண்டாக்கினர். பக்கத்து வீட்டுப் பையன் அண்ணன் ஆனான். எதிர்வீட்டுப் பெண் தங்கச்சி ஆனாள். பாதுகாப்புக்காக எழுந்த இச்சொற்கள் பின்னாளில் விலக்கும் ஆயின.

1891இல் எட்வர்ட் வெஸ்டர்மார்க் முன்வைத்த கருத்து இங்கே துணைசெய்கிறது. சிறுவயதில் ஒன்றாக வளர்ந்தவர்களிடையே பின்னாளில் பாலுணர்வு ஈர்ப்பு குன்றும் என்றார் அவர். தைவானில் மருமகளாக்கவே சிறுமியை வீட்டில் எடுத்து வளர்த்த பழைய வழக்கத்தை ஆராய்ந்த ஆர்தர் உல்ஃப், அத்திருமணங்களில் குழந்தைப்பேறு குறைவாகவும் மணமுறிவு மிகுதியாகவும் இருந்ததைக் காட்டினார். இதன்படி நோக்கினால், பிரிவு காதலுக்குத் தடையாக அன்றி முன்நிபந்தனையாகவே தோன்றுகிறது. இடைவெளி விழுந்தால்தான் அண்ணன் என்ற சொல் தளரும். இவ்வகை நாவலில் கதையின் திருப்பம் காதலைச் சொல்லும் இடத்தில் அமைவதில்லை. ஒருவர் மற்றவரை எப்படி அழைப்பது என்று தடுமாறும் இடத்தில் அமைகிறது. பழைய அழைப்பைச் சொல்லமுடியாது. பெயரைச் சொல்வது துணிவு. ‘நீங்க’ என்பது அந்நியம். கலித்தொகைத் தலைவியின் பொய்க்கு நிகரான இடம் இதுவே.

6. பத்துமலை

மூன்றாம் கூறான சந்திப்புக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு தரும் விடை பத்துமலை. கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டரில் நிற்கும் சுண்ணாம்புக் குன்றின் குகையில் கா. தம்புசாமி பிள்ளையின் முயற்சியால் முருகன் கோயில் அமைந்தது. 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. துன் எச். எஸ். லீ சாலையின் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளித்தேர் இரவெல்லாம் நகர்ந்து குன்றை அடைகிறது. 272 படிகள், அடிவாரத்தில் 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலை. அண்மை ஆண்டுகளில் விழாவுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுகின்றனர்.

நாவலின் நோக்கில் இவ்விழாவின் சிறப்பு அதன் பெருங்கூட்டத்தில் இல்லை. அது நிலையான நாள் என்பதில் இருக்கிறது. தோட்டம் இல்லை, பள்ளி இடம்பெயர்ந்துவிட்டது, லயம் இடிபட்டது. தைப்பூசம் மட்டும் அதே மாதத்தில், அதே குன்றில், காவடி எடுப்போரின் அதே ஆற்றங்கரைத் தொடக்கத்தோடு நடக்கிறது. காவடி எடுப்பவரோடு குடும்பமும் பழைய அண்டை வீட்டாரும் வருகின்றனர். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். கலித்தொகையில் வீட்டு வாசலில் கேட்ட நீர் இங்கே தெருவில் எவர்க்கும் நீட்டப்படுகிறது; நீட்டிய கை யாருடையது என்று அறிவதற்கு ஒரு கணம் போதும். சிதறிய ஒரு சமூகம் ஆண்டுக்கொருமுறை கூடுமிடத்தில் இருவர் எதிர்ப்படுவதைத் தற்செயல் என்று சொல்வது பொருந்தாது. அது இடந்தலைப்பாட்டின் நகர வடிவம்.

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். ஒன்று, கைப்பேசிக் குழுக்களும் முன்னாள் மாணவர் சந்திப்புகளும் வந்தபின் தேடிக் காண்பது எளிதாயிற்று. குன்றில் எதிர்ப்படவேண்டிய தேவை இல்லை என்பது. இது உண்மை. ஆனால் குழுவில் கிடைப்பது முகவரி. விரதமிருந்து களைத்த உடலோடும் பிள்ளையைத் தோளில் சுமந்தும் படியேறும் மனிதரை அது காட்டாது. இடைப்பட்ட ஆண்டுகள் ஒருவரை என்ன செய்தன என்பதை உடலே சொல்லும். மற்றொன்று, பத்துமலையும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியும் அயலார் பார்வைக்கு அலங்காரக் காட்சிகளாகிவிட்டன என்பது. 2010இல் பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’ எனத் திறக்கப்பட்டதும், 2018இல் பத்துமலைப் படிகள் வண்ணம் பூண்டதும் இதற்குச் சான்று. வண்ணப் படிகளை மட்டும் வருணிக்கும் நாவல் இம்மறுப்புக்கு ஆளாகும். யார் யாருடைய காவடிக்கு முன்னால் நடக்கிறார், எந்தத் தோட்டத்துப் பெயரால் அறியப்படுகிறார் என்று கவனிக்கும் நாவல் ஆளாகாது.

7. இடமிழப்பு தரும் பொருள்

அகப்பொருள் மரபில் கூடிய இடமே மீண்டும் கூடும் இடம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அவை இரண்டாகப் பிரிந்துவிட்டன: வளர்ந்த இடம் ஒன்று, கண்ட இடம் மற்றொன்று. முதலாவது இப்போது நெடுஞ்சாலையாகவோ விளையாட்டரங்காகவோ இருக்கிறது. ஆதலின் காதலர் கூடினாலும் திரும்பிச் செல்ல ஊர் இல்லை. தேவதாஸுக்குப் பார்வதியின் வாசல் இருந்தது. சண்முகத்துக்குக் கிராமம் இருந்தது. இங்கே அவ்விடத்துக்கு எஞ்சியிருக்கும் சான்று மற்றவருடைய நினைவு ஒன்றே. ஆயாக்கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது, பள்ளி மணி யார் அடித்தது என்பதை உறுதிசெய்ய உலகில் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்ற அறிவு ஈர்ப்பின் பாதியாகிறது.

இதனால் இவ்வகை நாவலின் கேள்வி இடம்மாறுகிறது. இருவரும் சேர்வார்களா என்பது பின்னுக்குப் போய், ஒருவரை விரும்புகிறோமா, அவர் வழியாக இழந்த இடத்தை விரும்புகிறோமா என்பது முன்னுக்கு வருகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாத நாவல் ஏக்கக் கதையாக முடியும். பிரித்தறிந்து, நினைவு தீர்ந்தபின்னும் பேசிக்கொள்ள அவ்விருவர்க்கும் ஏதேனும் இருக்கிறதா என்று சோதிக்கும் நாவலே காதல் நாவலாகும்.