புதிய கருவியும் பழைய சொல்லும்: தந்திக் கருவித் தேர்வின் வரலாறு

1. முன்னுரை

பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள பெருமாட்டி, தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் ஊராகும். சிற்றூர்ப் பகுதி முன்னர்க் கொச்சி அரசின் கீழ் இருந்தது. அதனை அடுத்த பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இரு பகுதிகளும் கேரளத்திற்கு உரியவாயின. எல்லைகள் மாறினும் பேச்சும் இசையும் மலைக்கணவாயின் இருபுறத்தும் தடையின்றிச் சென்று வந்துள்ளன.

இவ்வட்டாரத்தில் 'வீணை' என்னும் சொல்லைக் கேட்போர் இருவேறு கருவிகளை நினைத்தல் கூடும். நாக வழிபாட்டில் புள்ளுவர் இசைக்கும் வீணை, ஒற்றை நரம்பும் வில்லும் உடையது. பாலக்காட்டு அக்கிரகாரங்களில் வழங்கும் வீணையோ ஏழு தந்திகளும் மெட்டுகளும் உடையதாய், விரலால் மீட்டப்படுவது. கருவிகள் இரண்டு, பெயர் ஒன்று. இந்நிலை புள்ளுவர் வீணைக்கு மட்டும் உரியதன்று. இசைவாணர் புதிய தந்திக் கருவியொன்றை விரும்பிக் கைக்கொண்ட போதெல்லாம், பழைய சொற்கள் புதிய பொருளின்மேல் ஏறியும் அயற்சொற்கள் பழைய சொற்களின் நடுவே அமர்ந்தும் வந்துள்ளன.

புதிய கருவியை விழைந்த இசைவாணர் அதனிடம் எதிர்பார்த்தது யாது, எவ்வளவைகளால் அதனைத் தேர்ந்தனர், அத்தேர்வு மொழியில் எவ்வாறு பதிந்துள்ளது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. நரம்பும் சுரமும்

பண்டைத் தமிழரின் யாழ் வில்வடிவினின்று வளர்ந்த கருவி. பேரியாழ் 21 நரம்புகளும், மகரயாழ் 19 நரம்புகளும், சகோடயாழ் 14 நரம்புகளும், செங்கோட்டியாழ் 7 நரம்புகளும் உடையன என்பது சிலப்பதிகார உரைமரபு வழி அறியப்படும் பகுப்பு. யாழின் அமைப்பில் ஒரு நரம்பு ஒரு சுரத்திற்கு உரியது. ஆகவே 'நரம்பு' என்னும் சொல் தந்தியை மட்டுமன்றி அதிலிருந்து எழும் சுரத்தையும் குறித்தது. கருவியின் அமைப்பே சொல்லின் பொருளை வரையறுத்தமைக்கு இது தக்க சான்றாகும்.

மெட்டுகள் உடைய வீணையிலோ ஒரே தந்தியில் பல சுரங்கள் பிறக்கும். மெட்டின்மேல் தந்தியை இழுத்து ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லுதலும் இயலும். கமகம் தென்னிசையின் உயிர்நிலையாக வளர்ந்த காலத்தில், சுரந்தோறும் தனி நரம்பு வேண்டிய யாழ் வழக்கொழிந்தது எனக் கருதுவோர் உளர். யாழ் மறையவே, நரம்பு என்னும் சொல்லுக்குரிய சுரப்பொருளும் மங்கியது. 'சுரம்' ஒலிக்கும், 'தந்தி', 'கம்பி' என்பன பொருளுக்கும் உரியவாயின.

பழந்தமிழ் நூல்களைப் பிறமொழிகளில் பெயர்ப்போர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். யாழைக் கழுத்தும் மெட்டும் உடைய கருவிக்குரிய சொல்லால் பெயர்ப்பின், நரம்பு சுரமாகவும் பொருள்படும் இடங்களெல்லாம் விளக்கமின்றிப் போகும். விபுலாநந்த அடிகள் தம் யாழ்நூலில், 1947இல் கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் வழி வெளிவந்தது அது, சொற்களினின்று கருவியை மீட்டெடுக்கக் கணக்குவழி முயன்றார். புதிய கருவி வேண்டும் என்னும் வேட்கை, இழந்த கருவியைத் தேடும் வேட்கையாகவும் அமையலாம் என்பதை அம்முயற்சி காட்டுகின்றது.

3. வீணை: மரமும் மெட்டும்

இன்றைய தஞ்சாவூர் வீணையின் 24 நிலை மெட்டுகள் இரகுநாத நாயக்கர் (ஆட்சி 1600–1634) காலத்தில் அமைந்தன என்பது மரபு. மெட்டுகளை இராகந்தோறும் நகர்த்த வேண்டியிராமல், ஒரே கருவியில் எல்லா இராகங்களையும் இசைக்க இயன்றமையே இம்மாற்றத்தின் பயன். இசைவாணர் விரும்பியது புதுமையை அன்று. கையில் உள்ள கருவி தடைப்படாமல் பாட்டைத் தொடர்வதையே அவர்கள் விரும்பினர்.

வீணை வாங்குவோர் முதலில் நோக்குவது மரத்தை. பலா மரமே சிறந்ததெனக் கொள்வர். குடம், தண்டி, யாளிமுகம் ஆகிய மூன்றும் ஒரே மரத்தில் குடையப்பட்டது 'ஏகாண்ட வீணை'. தனித்தனியே செய்து இணைக்கப்பட்டது 'ஒட்டு வீணை'. முன்னதன் ஒலி இடையறாது பரவும் என்பதால் அதற்கு மதிப்பும் விலையும் மிகுதி. அடுத்து, மெழுகில் பதித்த மெட்டுகளின் நிலையும், பிரடைகளின் பிடிப்பும், குதிரையின் சமனும் சோதிக்கப்படும். மீட்டுதற்குரிய நான்கு தந்திகள் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் எனப் பெயர் பெறும். பக்கத்தில் அமைந்த மூன்றும் தாளத்திற்கும் சுருதிக்கும் உரியன. தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.

இங்குக் குறிப்பிடத்தக்கது உறுப்புப் பெயர்களின் இயல்பு. குடம், தண்டி, குதிரை என்பன வீட்டிலும் வெளியிலும் அன்றாடம் வழங்கும் சொற்கள். தந்திகளைத் தாங்கும் பாலத்தைக் குதிரை எனல் தமிழுக்கு மட்டும் உரிய வழக்கன்று. பிரெஞ்சு மொழியில் அவ்வுறுப்பின் பெயரான 'செவலே' என்பதும் குதிரையைக் குறிக்கும் 'செவால்' என்பதன் அடியாகப் பிறந்ததே.

4. பிடில்: அயற்பெயர், உள்ளூர்க் கை

தென்னிசையில் அயற்கருவி ஒன்று முழுமையாக ஏற்கப்பட்டமைக்குத் தலைசிறந்த சான்று வயலின். முத்துசாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசாமி தீட்சிதர் (1786–1859), சென்னையை அடுத்த மணலியில் வள்ளல் குடும்பமொன்றின் ஆதரவில் இருந்தபோது ஐரோப்பியரின் இசையைக் கேட்டு இக்கருவியைப் பயின்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு இதில் வல்லவரானார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். தமிழ்நாட்டுக் கலைஞரின் கையில் ஐரோப்பியக் கருவி, கேரள மன்னரின் கொடையாக அமைந்த நிகழ்ச்சி இது.

வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் தந்தியின்மேல் தடையின்றி வழுக்கும். வில்லோ ஒலியை நிறுத்தாமல் நீட்டும். குரல் செய்வதனைத்தையும் செய்யவல்ல இவ்விரு பண்புகளுமே தேர்வுக்குக் காரணமாயின. ஆயினும் கருவி வந்தவாறே ஏற்கப்படவில்லை. ஐரோப்பியர் நான்கு தந்திகளையும் அடுத்தடுத்துப் பஞ்சம இடைவெளியில் சேர்ப்பர். இங்கு அவை சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் என, பாடுவோரின் சுருதிக்கேற்பச் சேர்க்கப்பட்டன. நின்று தோளில் தாங்கி வாசித்த கருவி, அமர்ந்து, தலைப்பகுதியைக் கால்மேல் ஊன்றி வாசிக்கப்பட்டது. இதனால் இடக்கை கருவியைத் தாங்கும் பொறுப்பினின்று விடுபட்டுக் கமகத்திற்கு உரியதாயிற்று.

இதற்கு மாறான வரலாறு ஆர்மோனியத்திற்கு உரியது. அது தந்திக் கருவியன்று. எனினும் ஒப்புநோக்கத் தக்கது. விலை குறைவு, பயில எளிது, ஒலி பெரிது என்னும் நலன்களால் அதுவும் நாடெங்கும் பரவியது. ஆயின் அதன் கட்டைகள் நிலைத்த சுரங்களையே தரும். சுரங்களுக்கு இடைப்பட்ட வழி அதில் இல்லை. அகில இந்திய வானொலி 1940இல் அதற்கு விதித்த தடை 1971இல்தான் தளர்ந்தது. வானொலியை நம்பி வாழ்ந்த கலைஞர்க்குக் கருவித் தேர்வு வாழ்க்கைத் தேர்வாகவும் இருந்தது என்பது இதனால் புலனாகும்.

5. அரங்கின் தேவை: ஏழு தந்தி வயலின்

பாலக்காட்டை அடுத்த செம்பையிற் பிறந்த வைத்தியநாத பாகவதர் (1896–1974) கணீரென்ற குரலுக்குப் பெயர் பெற்றவர். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் அத்தகைய குரலுக்குப் பக்கவாத்தியம் வாசித்தல் எளிதன்று. பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கு நான்கு தந்தி வயலினின் ஒலி எட்டுவதில்லை. செம்பையுடன் பலகாலம் வாசித்த மைசூர் சௌடையா (1895–1967), 1920களின் பிற்பகுதியில் மூன்று தந்திகளைக் கூடுதலாக இணைத்து ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். இணைத்தந்திகள் உடன் ஒலிக்கவே கருவியின் முழக்கம் பெருகியது. ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா முதலில் இதற்கு உடன்படாது, கேட்டபின் ஏற்றார் என்பர்.

ஒலிபெருக்கி பரவியபின் இக்கருவிக்கான தேவை குறைந்தது. சௌடையாவுக்குப்பின் அதனைக் கைக்கொண்டோர் சிலரே. தேவை ஒன்றினால் பிறந்த கருவி, அத்தேவை வேறு வழியில் நிறைவேறியதும் பின்தங்கியது. இதனைக் கருவியின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

6. மின்னொலியும் மாண்டலினும்

ஏழு தந்தி வயலினைப் பின்னுக்குத் தள்ளிய அதே மின்னொலிப் பெருக்கமே மாண்டலினுக்கு வாழ்வளித்தது. உப்பலபு ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஆந்திரத்துப் பாலகொல்லுவிற் பிறந்தவர். தந்தையின் மாண்டலினைச் சிறுவயதிலேயே கையிலெடுத்தவர். இவருடைய ஆசிரியர் ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணாக்கர். மாண்டலின் வாசிக்க அறியாதவர். அவர் பாட, மாணவர் அதனைத் தந்தியிற் கொணர்ந்தார். பாலக்காட்டுக் குரல்மரபு ஆந்திர மாணவரின் கருவிக்குச் சென்ற வழி இதுவே.

மாண்டலின் இயல்பில் நான்கு இணைத்தந்திகள் உடையது. அதன் ஒலி விரைந்து அடங்கும். இணைத்தந்திகளை ஒருசேர இழுத்துக் கமகம் தோற்றுவித்தல் அரிது. ஆகவே ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகளையும், கீழ்ச்சுரங்களுக்கென ஐந்தாம் தந்தியையும், மின்னொலி அமைப்பையும் தேர்ந்துகொண்டார். வயலினுக்கு நேர்ந்தது போன்றே இங்கும் பெயர் மாறவில்லை, கருவி மாறியது.

கோட்டுவாத்தியத்தின் நிலை இதற்கு எதிரானது. திருவிடைமருதூர் சகாராம் ராவ் பரப்பிய இம்மெட்டில்லாக் கருவியின் பெயரில் உள்ள 'கோடு', தந்தியின்மேல் நகர்த்தும் கோலைக் குறிப்பதாக விளக்குவர். யாழின் உறுப்புகளுள் கோடு என்பது வளைந்த தண்டைக் குறித்தது. ஒரே சொல் இரு கருவிகளில் இருவேறு உறுப்புகளுக்கு உரியதாயிற்று. பிற்காலத்தில் ரவிகிரண் முதலிய கலைஞர்கள் 'சித்திரவீணை' என்னும் பழம்பெயரை இதற்கு வழங்கினர். இங்குக் கருவி மாறவில்லை; பெயர் மாறியது.

7. முத்திரைச் சீட்டும் செவியும்

வயலின் வாங்குவோர்முன் மற்றொரு வினாவும் எழும்: பழைய ஐரோப்பியக் கருவியைத் தேடுவதா, புதியதைக் கொள்வதா? பல பழைய வயலின்களின் உட்புறத்தில் இத்தாலியின் கிரெமோனா நகரத்து அந்தோனியோ ஸ்திராதிவாரியின் (இறப்பு 1737) பெயர் பொறித்த சீட்டு காணப்படும். ஆயின் 19ஆம் நூற்றாண்டில் செருமனியிலும் பொகீமியாவிலும் பெருமளவில் செய்யப்பட்ட கருவிகளிலும் அச்சீட்டு ஒட்டப்பட்டது. அங்கே அப்பெயர் செய்தவரைக் குறிப்பதன்று. எவ்வமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்டது என்பதையே குறிக்கும். சீட்டிலுள்ள 'ஃபாகியேபாத்' என்னும் இலத்தீன் வினையும் முற்றுப்பெறாத இறந்தகாலத்தது; 'செய்தார்' என்பதினும் 'செய்துகொண்டிருந்தார்' என்பதே அதற்கு நெருங்கிய பெயர்ப்பு. சீட்டை மட்டும் படித்து வாங்குபவர் பெருந்தொகையை இழத்தல் கூடும்.

2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் 21 வயலின் கலைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்ந்தது. கருவியை அடையாளங்காண இயலாதவாறு கண்ணாடி அணிவித்து, மூன்று பழைய கருவிகளையும் மூன்று புதியவற்றையும் வாசிக்கச் செய்தனர். பெரும்பாலோர் வீட்டிற்குக் கொண்டுசெல்ல விரும்பியவை புதிய கருவிகளே. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஸ்திராதிவாரியின் கருவியொன்று. பெயர் மறைக்கப்பட்ட நிலையில் செவியும் கையுமே தேர்ந்தன. அரைத் தெலுங்கும் அரைத் தமிழும் பேசும் கச்சேரி உலகம் வயலினையும் மாண்டலினையும் தேர்ந்தபோது பயன்பட்டவையும் அவையே.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, கருவியின் பெயர் எளிதில் அயற்சொல்லாக நிலைபெறும்: பிடில், வயலின், மாண்டலின். அது கலைஞரின் பெயருக்கு முன்னொட்டாகி உரிமைப் பெயராகவும் ஆகும். வீணை தனம்மாள் என்பதற்கும் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்பதற்கும் இவ்வகையில் வேறுபாடில்லை. இரண்டாவது, உறுப்புப் பெயர்கள் முன்னைய கருவியினின்று பெயர்ந்து வரும். வில், குதிரை, பிரடை, தந்தி என்பன வயலினுக்கும் உரியவாயின. மூன்றாவது, வினைச்சொல் மாறுவதே இல்லை. தமிழில் நூலையும் 'வாசிப்பர்', வயலினையும் 'வாசிப்பர்'. மலையாளத்திலும் 'வாயிக்குக' என்பது இவ்விரண்டிற்கும் பொருந்தும். இவற்றை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் ஒரு வினையை இரண்டாகப் பிரிக்க வேண்டியவராவார்.

ஆகவே கருவிப்பெயர் அயற்சொல்லாயிருத்தல் கொண்டு அக்கருவியின் இசையும் அயலது எனக் கருதுவது பிழையாகும். ஏற்பின் அளவைப் பெயரில் தேடாது, உறுப்புப் பெயரிலும் வினையிலும் தேடுதல் வேண்டும். கலைக்களஞ்சியங்களும் அகராதிகளும் கருவிப் பெயர்களைத் தொகுத்த அளவுக்குப் பட்டறையிலும் பயிற்சியிலும் வழங்கும் சொற்களைத் தொகுக்கவில்லை. கைவினைஞரும் முதிய ஆசிரியரும் மறைய, அச்சொற்களும் அவர்களோடு மறைந்து வருகின்றன. பெருமாட்டி போன்ற இருமொழி எல்லைப் பகுதிகளில் ஒரே உறுப்புக்குத் தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் பெயர்களை அருகருகே பதிவு செய்தல் இன்னும் இயலும். வீணை என்னும் ஒரு சொல்லின் கீழ் இரு கருவிகள் வாழும் அவ்வட்டாரத்திலிருந்து அப்பணி தொடங்குதல் பொருத்தமுடைத்து.