கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி

புத்தளம் வாவிக்கும் கடலுக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் நிலத்துண்டில் இருக்கிறது கற்பிட்டி. ஒல்லாந்தர் 1667 இல் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கு இன்றும் நிற்கிறது. வழியில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். இப்போது வெளியூரிலிருந்து அங்கு செல்வோரிற் பலர் டொல்பின் பார்க்கச் செல்பவர்கள். 1807 மார்ச் 21 இல் இவ்வூரிற் பிறந்த ஒருவரைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. தமிழர்களிடமே அதிகம் சொல்லப்படாத பெயர் அது: சைமன் காசிச்செட்டி.

தமிழகத்திலிருந்து வணிகர்களாக வந்து இலங்கையில் நிலைகொண்டு கிறிஸ்தவம் தழுவிய செட்டிச் சமூகத்தவர் அவர். பல்கலைக்கழகம் எதையும் கண்டவரல்லர். பதினேழு வயதளவில் புத்தளத்தில் அரசாங்க உத்தியோகத்திற் சேர்ந்து, 1828 இல் முதலியார் ஆனார். 1838 இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். பின்னர் சிவில் சேவையிற் சேர்ந்து சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றி, 1860 இல் மறைந்தார். உத்தியோகச் சிறப்பு இவ்வளவே. இத்தகைய முதலியார்கள் அக்காலத்தில் வேறு பலரும் இருந்தனர். அவர்களை நாம் நினைவிற் கொள்வதில்லை.

இவரை நினைக்கவைப்பவை இவருடைய நூல்கள். 1834 இல், இருபத்தேழாவது வயதில், இலங்கையின் ஊர்கள், ஆறுகள், கோயில்கள், குடிகள் பற்றிய விவரங்களை அகரவரிசைப்படுத்தி 'சிலோன் கசற்றியர்' என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சானது 'தமிழ் புளூட்டாக்'. கிரேக்கப் பெருமக்களின் வாழ்க்கையை எழுதிய புளூட்டாக்கின் பெயரைச் சூட்டி, ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்த நூல் அது.

அந்த ஆண்டின் பொருளை வாசகர்கள் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வர இன்னும் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தன. ஏடுகளையும் செவிவழிக் கதைகளையும் பெரிதும் நம்பி, ஒரு கரையோர உத்தியோகத்தர் தனித்துச் செய்த வேலை இது. கதையையும் வரலாற்றையும் அவர் எப்போதும் பிரித்துவிடவில்லை. அவருடைய காலக்கணிப்புகள் பலவற்றை இன்று எவரும் ஏற்கமாட்டார். ஆயினும் பழைய புலவர் பரம்பரையை ஐரோப்பியரின் அகராதி முறைக்குள் கொண்டுவந்து நிறுத்தும் துணிவு அவருக்கு இருந்தது.

ஆங்கிலத்தில் எழுதியது ஏன்? ஆளுவோர் தமிழை மதிக்கவேண்டும் என்ற எண்ணமே காரணம் என்று நான் கருதுகிறேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ஆங்கிலம் அறியாத தமிழர் அத்தகைய நூலொன்றைத் தம் மொழியிற் காண, சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளிவந்த 1886 வரை காத்திருக்க நேர்ந்தது. தமிழரின் சாதிகள், வழக்கங்கள், இலக்கியம் பற்றிக் காசிச்செட்டி எழுதி வைத்ததோ அவர் மறைந்து எழுபத்துநான்கு ஆண்டுகளின் பின், 1934 இல்தான் நூலுருப் பெற்றது. அதுவும் ஆங்கிலமே.

அவர் தமிழில் ஒன்றும் செய்யவில்லை என்றல்ல. யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' தோன்றிய அதே 1841 இல் அவர் 'உதயாதித்தன்' என்ற தமிழ் மாத இதழை நடத்தினார். அது நீடிக்கவில்லை. பத்திரிகைத் தொழிலிற் காலங்கழித்தவன் என்பதால், அவருடைய நூல்களைவிட நின்றுபோன அந்த இதழே என்னை அதிகம் உறுத்துகிறது. உதயதாரகைக்குப் பின்னால் அமெரிக்க மிஷன் இருந்தது. காசிச்செட்டிக்குப் பின்னால் அப்படியொரு மிஷன் இருக்கவில்லை.

அவர் நீதிபதியாக இருந்த சிலாபத்தையும், அதன் தெற்கே நீர்கொழும்பு வரையுள்ள கரையையும் இன்று நோக்குக. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிருந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் மிகப் பல, இரண்டு மூன்று தலைமுறைகளிற் சிங்களம் பேசுவோராகிவிட்டன. கத்தோலிக்கப் பாடசாலைகளின் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியமை அதில் பெரிய திருப்பம். பாட்டி தமிழில் செபம் சொல்வார், பேரனுக்குப் பொருள் தெரியாது என்ற நிலை. யாரும் வாளெடுத்து வந்து பறித்த மொழியன்று. வகுப்பறையில் மெல்லக் கைநழுவியது.

கற்பிட்டியிலும் புத்தளத்திலும் தமிழ் இன்றும் அன்றாடப் பேச்சாக ஒலிப்பதற்குப் பெரிதும் காரணம் முஸ்லிம்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் வந்து தங்கியதும் இம்மாவட்டத்திலேதான். தமிழ் பேசியோரால் துரத்தப்பட்டவர்கள் தமிழையே பேசிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

இன்னொரு விதிவிலக்கு, சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பு. இராமேசுவரப் பக்கத்திலிருந்து வந்ததாகத் தம் மூதாதையரைப் பற்றிச் சொல்லும் இந்து மீனவர்களின் ஊர். திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதிப்பு நடக்கிறது. கரைவலை இழுக்கையில் அவர்கள் பாடும் அம்பாப் பாடல்கள் பெயர் பெற்றவை. பல கைகள் ஒரே நேரத்தில் கயிற்றை இழுக்க வேண்டும், அதற்கே பாட்டு. இக்கரையிற் பல இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலையிழுக்கும் வழக்கம் வந்தது. இயந்திரத்துக்குத் தாளம் தேவையில்லை.