ரயில் பயணக் காப்பீடு: 45 காசில் ரூ.10 லட்சம், பயணிகள் அறிய வேண்டியவை
சித்தூர் மாவட்டம் ராமகுப்பம் பகுதி மக்கள், அருகிலுள்ள குப்பம் ரயில் நிலையத்தில் இருந்து சென்னை, பெங்களூரு செல்ல முடியும். ஐஆர்சிடிசி இணையதளம் அல்லது செயலியில் முன்பதிவு செய்வோர், நபருக்கு 45 காசு செலுத்தி விபத்துக் காப்பீடு பெறலாம்.

உயிரிழப்பு, நிரந்தர முழு ஊனத்துக்கு ரூ.10 லட்சமும், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு ரூ.7.5 லட்சம் வரையும், மருத்துவமனைச் சிகிச்சைக்கு ரூ.2 லட்சம் வரையும் கிடைக்கும். ரயில்வே வழங்கும் இழப்பீடு இதில் சேராது, அது தனி.

2018 செப்டம்பர் 1 முதல் இக்காப்பீடு இலவசமாக அளிக்கப்படுவதில்லை. முன்பதிவின்போது பயணியே தேர்வு செய்ய வேண்டும். கவுண்டரில் பெறும் பயணச்சீட்டுக்கு இது பொருந்தாது.

முன்பதிவு முடிந்ததும் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் இணைப்பில் நாமினி விவரத்தைப் பதிவு செய்வது அவசியம். தவறினால், சட்டப்பூர்வ வாரிசு என்பதை நிரூபித்த பிறகே குடும்பத்தினர் தொகையைப் பெற முடியும்.