பதிவேட்டில் விடுபட்ட தாய்

ஆரணி என்றதும் நமக்குப் பட்டுச்சேலையும் தறியும் நினைவுக்கு வரும். ஆனால் அவ்வூரின் பெயர் கும்பினியாரின் போர்க்குறிப்புகளிலும் இருமுறை இடம்பெறுகிறது. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் அவ்வூரின் அருகே ராஜா சாகிபின் படையை முறியடித்தான். 1782 ஜூனில் ஐர் கூட்டின் படையும் ஹைதர் அலியின் படையும் அதே மண்ணில் மோதின. நாள், தளபதி, பீரங்கி என்று யாவும் குறிக்கப்பட்டிருக்கின்றன. இத்தகைய போர்களுக்காகக் கடல் கடந்து வந்த வெள்ளைச் சிப்பாய்களில் பலர் இந்நாட்டுப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் யார் மடியில் உறங்கினார்கள், எந்த மொழியில் அழுதார்கள் என்பதைப் போர்க்குறிப்புகள் சொல்வதில்லை.

ஆரணியை அடுத்த பூசிமலைக்குப்பத்தில் பாழடைந்து நிற்கும் ஜாகீர் மாளிகையைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. ஜாகீர்தார் ஒருவர் ஆங்கிலப் பெண்ணொருத்தியின்மீது காதல் கொண்டு அவளுக்காகக் கட்டிய மாளிகை அது என்பார்கள். வரலாறு போரைச் சொல்கிறது. வழக்காறு காதலைச் சொல்கிறது. இரண்டுக்கும் இடையே, இரு இனத்துக்கும் பிறந்த குழந்தை தன் வீட்டை எப்படிப் பார்த்தது என்ற கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது.

அக்கேள்வியை எழுப்புவதற்கென்றே இன்று ஓர் இலக்கிய வகை உருவாகியிருக்கிறது. பல இனக் குடும்பத்தில் வளரும் குழந்தைகளைப் பற்றிய படப்புத்தகங்களையே குறிப்பிடுகிறேன். அவை எதை மீட்கின்றன என்பது விளங்க வேண்டுமானால், எது தொலைந்தது என்பதை முதலில் காண வேண்டும். தொலைந்த கதையின் முதல் அத்தியாயம் சென்னைப் பட்டணத்தில் இருக்கிறது.

1687இல் கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர்கள் சென்னைக்கு எழுதிய மடலொன்றில், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கச் சொன்னார்கள். அவ்வாறு பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் வழங்கலாம் என்பது ஏற்பாடு. இதில் கருணை ஏதும் இல்லை. கோட்டைக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நூறாண்டு கழிந்ததும் கணக்கு மாறியது. 1786இல் கல்கத்தா அனாதை விடுதியின் கலப்பினப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்வது தடுக்கப்பட்டது. 1791இல் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலே கும்பினியின் உயர்பணிகளில் இடமில்லை என்றாயிற்று. வராகன் கொடுத்து வரவேற்ற குழந்தையை வாசலில் நிறுத்திய கதை இது.

இந்த இடைக்காலத்தில்தான், 1789இல், எழும்பூரில் சிப்பாய்களின் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை விடுதி தோன்றியது. அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல். 'அனாதை' என்ற சொல் இங்கு நம்மை ஏமாற்றக் கூடியது. அங்கு சேர்க்கப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் தாயை இழந்தவர்கள் அல்லர். பலருக்குத் தாய் உயிரோடு இருந்தாள். அவளுடைய செல்வாக்கிலிருந்து பிள்ளையை விலக்கி வளர்ப்பதே அவ்விடுதியின் நோக்கங்களுள் ஒன்று.

இதில் ஒரு முரண் உண்டு. ஆசிரியர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெல், ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளியொன்றில் தமிழ்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் விடுதிக்குள் கொண்டுவந்தார். மூத்த மாணவனே இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு வளர்த்தெடுத்தார். நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்றது. 1811இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட தேசியக் கல்விச் சங்கத்தின் பள்ளிகள் அம்முறையில் நடந்தன. பெல்லின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தாயின் ஊர்க்காரர்கள் எழுத்துப் பழகிய மணல் விடுதிக்குள் நுழைந்தது. தாய் வெளியே நின்றாள்.

சட்டமும் இதையே வேறு மொழியில் சொல்லிற்று. இந்திய அரசியல் சாசனத்தின் 366ஆம் பிரிவு ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை வரையறுக்கிறது. தந்தையோ தந்தைவழி முன்னோரான ஆண் ஒருவரோ ஐரோப்பிய வழியினராக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தாய் யார் என்று அது கேட்பதில்லை. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் அவர்களுக்கு இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிவுக்கு வந்தன. வரையறை இன்றும் அப்படியே இருக்கிறது. அரக்கோணம், ஜோலார்பேட்டை போன்ற ரயில்வே ஊர்களில் அவர்களோடு பழகிய தமிழர்கள் வைத்த பெயர் 'சட்டைக்காரர்'. சாசனம் தந்தையைப் பார்த்தது; ஊர் உடுப்பைப் பார்த்தது. தாய் இரண்டிலும் இல்லை.

இனிக் கடலுக்கு அப்பால் செல்வோம். அமெரிக்காவில் தாயோ தந்தையோ மறைக்கப்பட்டதோடு நிற்கவில்லை. குடும்பமே குற்றமாக இருந்தது. அங்கே ஒரு படப்புத்தகம் எவ்வளவு பெரிய அச்சத்தைக் கிளப்பும் என்பதற்கு 1958இல் வெளிவந்த கார்த் வில்லியம்ஸின் 'முயல்களின் திருமணம்' சான்று. கறுப்பு முயலொன்றும் வெள்ளை முயலொன்றும் காட்டில் விளையாடுகின்றன, பிறகு மணந்துகொள்கின்றன. கதை இவ்வளவே. 1959இல் அலபாமா மாநிலத்தின் இனப்பாகுபாட்டு ஆதரவாளர்கள் கொதித்தெழுந்தனர். மாநிலப் பொது நூலகத் துறையின் தலைவராக இருந்த எமிலி வீலாக் ரீட் அந்நூலை அழிக்க மறுத்தார். ஆயினும் அது பொது அடுக்கிலிருந்து தனி அடுக்குக்கு மாற்றப்பட்டது, கேட்பவருக்கு மட்டும் என்று. அரசியல் நோக்கம் எதுவும் தமக்கில்லை என்றார் வில்லியம்ஸ். குழந்தைகள் முயலைக் கண்டார்கள். பெரியவர்கள் மனிதரைக் கண்டார்கள்.

1967 ஜூனில், லவ்விங் தம்பதியர் வழக்கில், இனக்கலப்பு மணத்தைத் தடுக்கும் சட்டங்கள் செல்லா என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று 16 மாநிலங்களில் அத்தகைய சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆறாண்டுகள் கழித்து, 1973இல், முயல்களின் துணையின்றி மனிதக் குடும்பமே படப்புத்தகத்தில் வந்து அமர்ந்தது. ஆர்னால்ட் அடாஃப் எழுதி எமிலி ஆர்னால்ட் மெக்கல்லி படம் வரைந்த 'பிளாக் இஸ் பிரவுன் இஸ் டான்' என்ற நூல் அது. அடாஃப் யூதக் குடும்பத்தில் பிறந்த வெள்ளையர். அவர் மனைவி வர்ஜீனியா ஹாமில்டன் புகழ்பெற்ற கறுப்பின எழுத்தாளர். தம் வீட்டையே அவர் கவிதையாக்கினார். அந்நூலில் பெரிய நிகழ்ச்சி எதுவும் நடப்பதில்லை. உண்கிறார்கள், பாடுகிறார்கள், உறவினர் வருகிறார்கள். இரு பக்கத்துப் பாட்டியரும் அதில் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பு திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. பேரப்பிள்ளையின் கன்னத்தில் இரு பாட்டிகளும் முத்தமிடுவதைத் தீர்ப்பு எழுத முடியாது. அதைப் படப்புத்தகம்தான் செய்ய முடியும்.

இந்த வரலாற்றில் தமிழர் ஒருவர் நுழையும் இடமும் உண்டு. 1958இல் பத்தொன்பது வயதில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர் சியாமளா கோபாலன். 1963இல் ஜமைக்காவைச் சேர்ந்த டொனால்ட் ஹாரிஸை மணந்தார். கலிபோர்னியாவில் இனத்தடைச் சட்டம் 1948லேயே நீதிமன்றத்தால் நீக்கப்பட்டிருந்ததால் அங்கு அத்திருமணம் இயன்றது. 2021 முதல் 2025 ஜனவரி வரை அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸும் அவர் தங்கை மாயாவும் இவர்களின் பெண்கள். கமலா 2019இல் வெளியிட்ட படப்புத்தகம் தம் குழந்தைப் பருவத்துப் பெரியோர்களை, குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் ஆசிரியருமாக, நாயகர்களாகக் காட்டுகிறது. மாயாவின் மகள் மீனா 2020இல் எழுதிய 'கமலாவும் மாயாவும் கண்ட பெரிய யோசனை' என்ற நூலில், அக்கா தங்கை இருவரும் தாம் குடியிருந்த அடுக்ககத்தின் வெற்று முற்றத்தை விளையாட்டிடமாக மாற்ற முயல்கிறார்கள். கலப்பினப் பிள்ளையின் துயரக்கதை அல்ல அது. நிறம் அங்கே பாடப்பொருளாக வருவதில்லை. வீட்டின் இயல்பாக இருக்கிறது. எழும்பூர் விடுதி வெளியே நிறுத்திய தாய், இங்கே வீட்டின் நடுவே நின்று பெண்களை ஊக்குகிறாள்.

2020 ஆகஸ்டில் தம் கட்சி மாநாட்டில் வேட்பாளராகப் பேசிய கமலா, தம் உறவினரைச் சொல்லும்போது 'சித்தி' என்றார். அச்சொல்லின் பொருளை உலகம் தேடியது. தமிழருக்கோ தேட ஒன்றுமில்லை. தாயின் தங்கை சித்தி. பிள்ளையின் நிறம் எதுவாயினும் அவள் சித்திதான். நம் உறவுப்பெயர்கள் உடம்பைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கின்றன. படப்புத்தகத்துக்கு இதைவிட நல்ல முதல் எது?

ஆனால் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு நாம் எழுந்துபோய்விட முடியாது. 'கலப்பு மணம்' என்ற தொடர் நம் ஊரில் இனத்தைக் குறிப்பதில்லை, சாதியைக் குறிக்கிறது. லவ்விங் தீர்ப்பு வந்த அதே 1967இல்தான் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கும் திருத்தத்தை நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. அதன் பிறகும் சாதி மீறி மணந்தவர்கள் ஆணவக் கொலைக்கு ஆளாகும் செய்திகள் நின்றபாடில்லை. அவ்வீடுகளில் பிறக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒரு பக்கத்துத் தாத்தா பாட்டி முகத்தைக் காட்ட மாட்டார்கள். சித்தி என்று அழைக்கச் சொல் இருக்கும். அழைத்தால் திரும்பிப் பார்க்கச் சித்தி இருக்க மாட்டாள்.

1996இல் சென்னையில் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகமும், அதற்குச் சற்று முன் தோன்றிய தாரா பதிப்பகமும் இந்தியப் படப்புத்தகத்தின் முகத்தையே மாற்றியவை. ஓவியரும் இருக்கிறார்கள், எழுதுவோரும் இருக்கிறார்கள். கும்பினியின் பதிவேட்டில் ஒரு பக்கத்துப் பெயரை எழுதவே மனம் இருந்தது. சாசனத்தின் வரையறை இன்றும் ஒரு வழியைத்தான் பார்க்கிறது. படப்புத்தகத்தின் விரித்த இரு பக்கங்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. இரு பாட்டிகளையும் அருகருகே உட்கார வைத்து நடுவில் ஒரு குழந்தையை வரைந்துவிடலாம். நம் தெருக்களில் இன்னும் அரிதாக இருக்கும் அக்காட்சியை முதலில் ஒரு நான்கு வயதுப் பிள்ளையாவது பார்க்கட்டும்.