தட்டைச் சுவரில் ஆழம்

சுவருக்கு நீளமும் உயரமும் உண்டு. ஓவியனுக்கு அது தரும் இடம் அவ்வளவே. ஆயினும் அதன்மேல் எழுதிய உருவம் புடைத்து நிற்கின்றது. மண்டபம் உள்ளே விரிந்து செல்கின்றது. இவ்வித்தையை மேனாட்டாரே கண்டனர், கீழைத்தேயத்தார் அறியார் என நம்மவரிற் பலரே கூறக் கேட்கின்றோம்.

மேனாட்டார் கண்டது யாது? இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, புருனெல்லெஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் அந்நகர் ஞானஸ்நான ஆலயத்தை ஒரு பலகையில் அளவு பிசகாது எழுதினார். பலகையில் ஒரு துளை. ஓவியத்தின் எதிரே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பலகையின் பின்னிருந்து துளைவழியே ஒற்றைக் கண்ணால் நோக்கினால், கண்ணாடியில் மெய்யான ஆலயமே தோன்றியது என்பர். நம்மைவிட்டு நேரே விலகிச் செல்லும் இணைகோடுகள் யாவும் கண்மட்டத்தில் ஒரு புள்ளியிற் கூடுவதாகத் தோன்றும். இதுவே அதன் சூத்திரம். 1427 அளவில் மசாச்சியோ இம்முறையால் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயச் சுவரில் வளைகூரை மண்டபமொன்றை எழுதினார். சுவரைக் குடைந்து கட்டியதோ என நாம் ஐயுறுமளவுக்கு அது அமைந்துளது. 1435இல் அல்பேட்டி இவ்விதிகளை நூலாக்கினார்.

இதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர், 5ஆம் நூற்றாண்டில், அஜந்தாவிலும் நம் ஈழத்துச் சிகிரியாவிலும் ஓவியர் வேறு வழி சென்றனர். சிகிரியாவில் தூரிகையை ஒருபுறம் அழுத்தி இழுத்தமையால் விளிம்பை நோக்கி நிறம் செறிகின்றது. கன்னமும் தோளும் திரள்கின்றன. விஷ்ணுதர்மோத்தரத்திலுள்ள சித்திரசூத்திரம் இந்நிழலீட்டை 'வர்த்தனை' என்று அழைத்து, இலை போன்ற கோடுகள், மென்பூச்சு, புள்ளிகள் என மூவகைப்படுத்தும். திரும்பிய உடலில் உறுப்புகள் குறுகியும் பெருகியும் தோன்றுவதை அது 'க்ஷயவிருத்தி' என்னும். மேடுபள்ளம் காட்ட வல்லவனையே அந்நூல் ஓவியம் அறிந்தவனாகக் கொள்ளும்.

ஆயினும், ஒருபுள்ளி விதி அஜந்தாவில் இல்லை. அங்குள்ள மண்டபங்களின் கூரைகள் வெவ்வேறு திசை நோக்கிச் சாய்கின்றன. அவ்விதியும் ஆங்கு இருந்ததென வாதிப்பது பற்றேயன்றி ஆராய்ச்சியன்று. ஆனால், மசாச்சியோவின் மண்டபம் உரிய இடத்தில் நிற்பவனுக்கே முழுதும் மெய்போல் அமைவது. பக்கத்தே நகர்ந்தால் அம்மயக்கம் குலையும். குகையினுள்ளே நடந்தவாறு காண்பவனுக்கு எழுதிய ஓவியன் அக்கட்டுக்குள் அகப்படவில்லை. சிகிரியா மங்கையரை இடைக்குக் கீழே மேகம் மறைக்கின்றது; அவர்கள் நிற்கும் தரையை அவன் எழுதவேயில்லை.