கல்வெட்டுக் காட்டும் தஞ்சை அங்காடிகள்

பழந்தமிழ்ப் புலவர் ஒரு நகரைப் பாடுங்கால், புதிதாக வந்தான் ஒருவனைத் தெருத்தெருவாக அழைத்துச் செல்வது போலவே பாடுவர். சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் அவற்றிடையே அமைந்த நாளங்காடியும் இவ்வாறே நம் கண்முன் விரிகின்றன. மதுரையின் கடைவீதிகளைக் கோவலன் கண்டு மீள்வதை உரைக்க ஊர்காண் காதை என ஒரு காதையே அமைந்துள்ளது. காவிரி நாட்டின் மற்றொரு பெருநகராகிய தஞ்சாவூரை, அதன் சோழர் காலப் பொலிவில், நமக்குத் தெருத்தெருவாகக் காட்டுவது கல்வெட்டு. அக்கல்வெட்டின் துணைகொண்டு அந்நகரின் அங்காடிகளை ஒருமுறை சுற்றி வருதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இராசராசேச்சரம் என்னும் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன் 985 முதல் 1014 வரை ஆட்சி புரிந்தான். அவனது 25ஆம் ஆட்சியாண்டாகிய 1010இல் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் அளிக்கப்பெற்றது. கோயிலில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகளுள் மிகப் பல கொடைக் கணக்குகளே. கணக்கெழுதினோர் நகரைப் புனைந்துரைக்க எண்ணினாரல்லர். கோயிலுக்குப் பொருள் தரக் கடமைப்பட்டவர் எங்கே இருக்கிறார் என்பதைக் குறித்தற்பொருட்டே தெருப்பெயரை எழுதினர். எழுதியோர் கருதாத பயன் இன்று நமக்குக் கிட்டியுள்ளது.

நகரம் உள்ளாலை எனவும் புறம்படி எனவும் இரு பகுதியாகச் சுட்டப்பெறுகிறது. நித்தவிநோதப் பெருந்தெரு, மும்மடிசோழப் பெருந்தெரு, வீரசிகாமணிப் பெருந்தெரு, செயங்கொண்டசோழப் பெருந்தெரு, வானவன்மாதேவிப் பெருந்தெரு என்பன பெருந்தெருக்களுட் சில. திரிபுவனமாதேவிப் பேரங்காடி, கொங்கவாளர் அங்காடி, இராசராசப் பிரமமகாராசன் அங்காடி என அங்காடிகளும் பேசப்பெறுகின்றன. இவற்றினின்று விலகி உள்ளே சென்றால் காந்தருவத் தெரு, மடைப்பள்ளித் தெரு, வில்லிகள் தெரு, ஆனையாட்கள் தெரு, சாலியத் தெரு என்பன எதிர்ப்படுகின்றன. இப்பெயர்களை அடுக்கி நோக்குவார்க்கு ஓர் ஒழுங்கு புலனாகும். பெருந்தெருவும் பேரங்காடியும் பெரும்பாலும் மன்னனின் விருதுப்பெயரையோ அரசமாதேவியரின் பெயரையோ தாங்கியுள்ளன. வெறுந் தெருக்களோ அங்கு வாழ்ந்தோரின் தொழிலைத் தாங்கியுள்ளன. வணிகர் வாழ்ந்த அகன்ற வீதிகள் அரசன் ஆணையாற் பெயர் பெற்றன எனவும், தொழிலாளர் தெருக்கள் மக்கள் வழக்கினாற் பெயர் பெற்றன எனவும் கொள்ளுதல் பொருந்தும்.

அந்நாளிற் காசு ஒன்றுடன் இவ்வங்காடியுள் நுழைந்தான் ஒருவன் யாது பெற்றிருப்பான்? கோயிற் கணக்கின்படி ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல்; அல்லது மூன்று ஆடு; அல்லது 1,200 வாழைப்பழம். இவை கோயில் தன் கணக்கிற்கு வகுத்துக்கொண்ட விலைகள் என்பதை மறத்தலாகாது. எனினும் ஓர் ஆட்டுக்கு 400 பழம் என்னும் அளவு, வாழை அந்நாட்டில் எத்துணை மலிந்திருந்தது என்பதை ஒருவாறு உணர்த்தும்.

வாழைப்பழம் பற்றிய கல்வெட்டொன்று ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. பிள்ளையார் கணபதியார்க்கு நாள்தோறும் 150 பழம் அமுது செய்தற்பொருட்டு 360 காசு முதலாக வைக்கப்பெற்றது. ஆண்டு 360 நாளைக்கு 54,000 பழம். காசுக்கு 1,200 வீதம் இவற்றின் விலை 45 காசு. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை எனின், 360 காசின் பொலிசையும் 45 காசே. கணக்குச் சிறிதும் பிசகவில்லை. இம்முதலைப் பெற்றுக்கொண்டு பழந்தரும் கடமையை ஏற்றவர் யார்? தனி வணிகன் எவனும் அல்லன். நித்தவிநோதம், மும்மடிசோழம், வீரசிகாமணி என்னும் பெருந்தெருக்களிலும் திரிபுவனமாதேவிப் பேரங்காடியிலும் இருந்த நகரத்தார். தெருவும் அங்காடியும் தம் பெயராற் கடன் பெற்றன. தம் பெயராற் பொலிசை செலுத்தின. முதலைத் திருப்பித் தருதல் என்பது இவ்வேற்பாட்டில் இல்லை. கடையில் இருந்தவன் இறப்பினும் அவன் தெரு கடமைப்பட்டே நின்றது. புகார் வீதிகளிற் பொருள்களின் செழுமையைக் காட்டிய புலவர் நமக்குக் காட்டாத ஒன்றை, வணிகத் தெரு என்பது சொல்லுறுதி பூண்ட ஒரு கூட்டம் என்பதை, இக்கணக்கு காட்டுகிறது. இதுவே தஞ்சைக் கல்வெட்டின் தனிச்சிறப்பு என யாம் கருதுகிறோம்.

கடைவீதியைத் தாண்டிக் கோயிலை நெருங்குவோமாயின் தளிச்சேரி தோன்றும். 1014ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு, பல ஊர்க் கோயில்களினின்றும் கொணர்ந்து குடியேற்றப்பெற்ற 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தென்சிறகு, வடசிறகு எனத் தெருவின் பக்கம் குறித்து, தலைவீடு, இரண்டாம் வீடு என வீடுவீடாக நிரல்படுத்துகிறது. ஒவ்வொருத்திக்கும் ஆண்டொன்றுக்கு ஆடவல்லான் என்னும் மரக்காலால் 100 கலம் நெல். அஃதாவது 50 காசின் மதிப்பு. தளிச்சேரி முழுமைக்கும் 40,000 கலம். ஒரு குடும்பம் நூறு கலத்தையும் உண்டு தீர்த்தல் அரிது. எஞ்சிய நெல்லே உப்பாகவும் எண்ணெயாகவும் கூறையாகவும் அங்காடியில் மாறியிருத்தல் வேண்டும். காவிரிப் படுகையின் வயல்களில் விளைந்த நெல் கோயிற் பண்டாரத்தின் வழியே தெருவிற்கு வந்து, தெருவின் வழியே கடைக்குச் சென்றது. தஞ்சை அங்காடியின் பெருக்கத்திற்கு இந்நெற்பெருக்கே அடிப்படை என்பது எம் துணிபு.

இவ்வுலாவிற்கு ஓர் எல்லை உண்டு. கோயிலோடு கொடுக்கல் வாங்கல் உடையாரே கணக்கில் இடம்பெற்றனர். சிலப்பதிகாரம் புகாரில் மீனும் உப்பும் கள்ளும் விற்பாரைக் காட்டுகிறது. தஞ்சைக் கணக்கில் மீனும் கள்ளும் விற்ற கடை இல்லையெனக் கண்டு, நகரிலும் அத்தகைய கடை இல்லையெனத் துணிதல் தவறாகும். கல்வெட்டின் மௌனத்தைச் சான்றாகக் கொள்ளும் போக்கு ஆராய்ச்சிக்கு ஊறு செய்வதாகும். பாட்டையும் கல்லையும் ஒருங்குவைத்துக் காணும்போதே பழைய நகரம் முழுமை பெறும்.

1216இல் பட்டம் எய்திய மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான் என அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. பின்னர் நாயக்கரும் மராத்தியரும் அரண்மனையையும் புதிய வீதிகளையும் கோயிலுக்கு வடகிழக்கே அமைத்தனர். இன்று தஞ்சைக்கு வருவோர் நடந்து செல்வன கீழராசவீதி, தெற்கு ராசவீதி, மேலராசவீதி, வடக்கு ராசவீதி என்பன. சோழர் காலத்துக் கருந்திட்டைக்குடி, 1911இல் தமிழ்ச்சங்கம் தோன்றிய கரந்தையாக இன்றும் வழங்குகிறது. நித்தவிநோதப் பெருந்தெருவோ திரிபுவனமாதேவிப் பேரங்காடியோ மக்கள் வழக்கில் இல்லை.

சந்திரரும் ஆதித்தரும் உள்ளளவும் தருவோம் என்று தெருக்கள் ஏற்ற கடமை, அத்தெருக்களோடே மறைந்தது. ஆயினும் கடன் பெற்றோர் பெயர் கல்லில் உள்ளது. பெருநகரங்களின் வரலாற்றை அரசர் போர்களைக் கொண்டே எழுதிவந்த நாம், நாளொன்றுக்கு 150 பழம் தருவதாக ஒப்பிய கடைக்காரரையும் அவ்வரலாற்றில் சேர்த்தல் வேண்டும். அவர்தம் தெருப்பெயர்களைத் தொகுத்து, கோயிலையும் கருந்திட்டைக்குடியையும் எல்லைக்கற்களாகக் கொண்டு, பழந்தஞ்சையின் வரைபடம் ஒன்று வகுத்தல் இளம் ஆராய்ச்சியாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.